கீமோ தாங்குமா? பிறந்த தேதி சொல்லாத வயது

"அப்பாவுக்கு 75 ஆகுது டாக்டர், கீமோ தாங்குவாரா?" புற்றுநோய் மருத்துவர்களிடம் குடும்பத்தினர் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். ஆனால் அந்த 75 என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் பதில் சொல்லிவிட முடியாது. ஒருவர் 75 வயதிலும் காலையில் எழுந்து கடைக்கு நடந்துபோய்ப் பால் வாங்கி வருவார். இன்னொருவர் அதே வயதில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் குளியலறைக்குப் போவார். இருவருக்கும் ஒரே பெருங்குடல் புற்றுநோய், ஒரே கட்டம், ஒரே மருந்து என்றே வைத்துக்கொள்வோம். சிகிச்சை இருவரையும் ஒரே மாதிரி நடத்தாது.

வயதை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் தவறு இரண்டு பக்கமும் நடக்கிறது. திடமாக இருக்கும் முதியவரிடம் "இந்த வயசுல எதுக்கு இதெல்லாம்" என்று சொல்லி, குணமாகக்கூடிய நோயை அப்படியே விட்டுவிடுவது ஒன்று. 62 வயதுதானே என்று முழு அளவு மருந்து கொடுத்து, உள்ளுக்குள் ஏற்கெனவே தளர்ந்திருந்த உடம்பைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் கொண்டுபோய்ச் சேர்ப்பது இன்னொன்று. முதல் தவறு வெளியே தெரிவதே இல்லை. கொடுக்காத சிகிச்சைக்கு யாரும் கணக்கு வைப்பதில்லை. அதனால் எனக்கு அதுதான் கூடுதலாக உறுத்துகிறது.

இதற்குப் பின்னால் ஒரு பழைய குறையும் இருக்கிறது. புற்றுநோய் பெரும்பாலும் வயதானவர்களுக்கு வரும் நோய். ஆனால் மருந்துகளைச் சோதித்துப் பார்க்கும் ஆய்வுகளில் சேர்க்கப்படுகிறவர்களில் பெரும்பாலோர் அவர்களைவிட இளையவர்கள், வேறு பெரிய நோய் இல்லாதவர்கள். அங்கே கிடைத்த அளவுதான் பிறகு எல்லோருக்குமான அளவாகிறது. எனவே எதிரே உட்கார்ந்திருக்கும் இந்த ஒருவரின் உடம்புக்கு உண்மையில் என்ன வயது என்று தனியாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதைத்தான் உயிரியல் வயது என்கிறார்கள். அதைக் காட்டித்தரும் அளவைகள்தான் மூப்பின் குறிப்பான்கள்.

கையிருப்பு எவ்வளவு?

சம்பளம் ஒழுங்காக வந்துகொண்டிருக்கும்வரை வங்கிக் கணக்கில் எவ்வளவு சேமிப்பு இருக்கிறது என்று யாரும் கவலைப்படுவதில்லை. திடீரென்று பெரிய செலவு வரும்போதுதான் தெரியும். உடம்பும் அப்படித்தான். சிறுநீரகம், இதயம், எலும்பு மஜ்ஜை, தசை எல்லாவற்றிலும் அன்றாடத் தேவைக்கு மேல் ஒரு கையிருப்பு உண்டு. வயது ஏற ஏற அது குறைகிறது. ஆனால் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வேகத்தில். கீமோதெரபி, பெரிய அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு மூன்றும் அந்தக் கையிருப்பிலிருந்துதான் செலவு வைக்கின்றன. கீமோ தாங்குமா என்ற கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது.

சரி, அதை எப்படி அளப்பது? ஆராய்ச்சியாளர்கள் ரத்தத்துக்குள்ளும் செல்லுக்குள்ளும் தேடுகிறார்கள். முதியோர் மருத்துவர்கள் நோயாளியை எழுந்து நடக்கச் சொல்லிப் பார்க்கிறார்கள். இரண்டையும் தெரிந்துகொள்வது நல்லது. இன்றைக்கு எது எந்த அளவுக்குப் பயன்படுகிறது என்பதில் பலருக்கும் குழப்பம் இருக்கிறது.

செல்லுக்குள்

1961-ல் அமெரிக்காவின் பிலடெல்ஃபியாவில் லியோனார்ட் ஹேஃப்ளிக், பால் மூர்ஹெட் என்ற இருவரும், மனித செல்களை ஆய்வகக் கிண்ணத்தில் வளர்த்தால் சுமார் 40 முதல் 60 முறை பிரிந்த பிறகு அவை நின்றுவிடுகின்றன என்று காட்டினார்கள். அவை சாவதில்லை. உயிரோடு இருக்கும், பிரியாது, அவ்வளவுதான். அப்படி நிற்பதற்கு ஒரு காரணம் டெலோமியர். குரோமோசோம்களின் நுனியில் இருக்கும் இந்தப் பகுதி ஒவ்வொரு முறை செல் பிரியும்போதும் கொஞ்சம் தேய்கிறது. மிகவும் தேய்ந்தபின் செல் பிரிவதை நிறுத்திக்கொள்கிறது. டெலோமியரும் அதை நீட்டித்தரும் டெலோமரேஸ் என்சைமும் வேலை செய்யும் விதத்தைக் கண்டறிந்ததற்காக எலிசபெத் பிளாக்பர்ன், கரோல் கிரைடர், ஜாக் ஷோஸ்டாக் மூவருக்கும் 2009-ல் நோபல் பரிசு கிடைத்தது. பெரும்பாலான புற்றுநோய் செல்கள் இந்த டெலோமரேஸை மறுபடி முடுக்கிவிட்டுத்தான் நிற்காமல் பெருகுகின்றன. மூப்பும் புற்றுநோயும் இவ்வளவு நெருக்கமான உறவுக்காரர்கள்.

டெலோமியர் நீளத்தை அளந்து ஒருவரின் உயிரியல் வயதைச் சொல்லிவிடலாம் என்று ஒரு காலத்தில் பெரிய எதிர்பார்ப்பு இருந்தது. ஆனால் ஒரே வயதுள்ள இருவருக்கிடையே நீளம் ரொம்பவே மாறுபடுவதால், தனி மனிதர் ஒருவருக்குச் சிகிச்சை முடிவெடுக்க அது உதவவில்லை.

அடுத்து வந்த குறிப்பான் பி16 என்ற புரதம். மூப்பின் குறிப்பான் ஒன்று புற்றுநோய் சிகிச்சைக்குள் எப்படி நுழைகிறது என்பதைத் தெளிவாகக் காட்டும் உதாரணம் இது என்பதால் இங்கே கொஞ்சம் நிற்கலாம்.

டி.என்.ஏ. சேதமடைந்த செல் தொடர்ந்து பிரிந்தால் ஆபத்து. புற்றுநோயாகக்கூட மாறலாம். அப்போது உள்ளே பி16 உற்பத்தி கூடுகிறது. செல் பிரிவை முன்னே தள்ளும் சிடிகே4, சிடிகே6 என்ற இரண்டு என்சைம்களை அது பிடித்து நிறுத்துகிறது. மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் பால்போசிக்ளிப் மாத்திரை தடுப்பதும் இதே இரண்டு என்சைம்களைத்தான். உடம்பே வைத்திருக்கும் ஒரு பிரேக்கைத்தான் அந்த மருந்து வெளியிலிருந்து போடுகிறது. இப்படி நிறுத்தப்பட்ட செல்களை மூப்படைந்த செல்கள் என்கிறார்கள். புற்றுநோயைத் தடுப்பதற்காகத்தான் அவை நிற்கின்றன. ஆனால் சும்மா இருப்பதில்லை. அழற்சியைத் தூண்டும் பொருள்களைச் சுற்றிலும் கசியவிட்டுக்கொண்டே இருக்கின்றன. அவை சேரச் சேரத் திசு தளர்கிறது.

ரத்தத்தில் இருக்கும் டி செல்கள் என்ற நோய் எதிர்ப்பு செல்களில் பி16 அளவு வயதோடு சீராக ஏறுகிறது. அமெரிக்காவின் வடக்கு கரோலினா பல்கலைக்கழகத்தில் நெட் ஷார்ப்லெஸ், ஹைமன் மஸ் ஆகியோரின் குழு இதை மார்பகப் புற்றுநோய் நோயாளிகளிடம் அளந்து பார்த்தது. கீமோவுக்கு முன் ஒரு முறை ரத்தம், பிறகு சிகிச்சை முடிந்து ஓராண்டு வரை மறுபடி ரத்தம். 2014-ல் வெளிவந்த முடிவு இது: கீமோவுக்குப் பின் பி16 ஏறியது, திரும்ப இறங்கவில்லை. ஏறிய அளவு, சாதாரணமாக 14.7 ஆண்டு வயது கூடினால் ஏறும் அளவுக்குச் சமம். அதே குழுவின் பிந்தைய ஆய்வில், டாக்சோரூபிசின் போன்ற அந்த்ராசைக்ளின் வகை மருந்து சேர்ந்த கீமோவில் இந்த ஏற்றம் அதிகமாகவும், அது இல்லாத கீமோவில் குறைவாகவும் இருந்தது. பாக்லிடாக்செல் போன்ற மருந்துகளால் கை கால் மரத்துப்போவதற்கும் பி16-க்கும் தொடர்பு இருப்பதையும் பிறகு கண்டார்கள்.

இதைப் படித்துவிட்டுப் பயந்துவிடக் கூடாது. கீமோ எடுத்தால் ஆயுளில் 15 வருடம் போய்விடும் என்று இதற்குப் பொருள் இல்லை. நோய் எதிர்ப்பு செல்களில் ஒரு வகையில், ஒரு புரதத்தின் அளவு அந்த அளவுக்கு முன்னே போயிருக்கிறது. குணப்படுத்தும் கீமோவை இதற்காகத் தவிர்த்தால் நஷ்டம் நமக்குத்தான். ஆனால் இரண்டு மருந்துத் திட்டங்கள் ஏறத்தாழ ஒரே பலன் தரும் இடத்தில், எது உடம்பைக் குறைவாக முதுமைப்படுத்துகிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கும் நாள் வரலாம். அதற்காகத்தான் இந்த ஆராய்ச்சி நடக்கிறது.

ஒரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தொண்டை அல்லது கருப்பை வாய்ப் புற்றுநோயின் பயாப்சி ரிப்போர்ட்டில் "பி16 பாசிட்டிவ்" என்று எழுதியிருந்தால் அது வேறு விஷயம். கட்டி மனித பாப்பிலோமா வைரஸால் வந்திருக்கலாம் என்பதற்கான அடையாளம் அது. நோயாளியின் மூப்புக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

மெத்தில் கடிகாரங்கள்

நம் டி.என்.ஏ.வின் மேல் ஆங்காங்கே மெத்தில் என்ற சிறு வேதிக்குறிகள் ஒட்டியிருக்கும். எந்த மரபணு வேலை செய்ய வேண்டும், எது அடங்கியிருக்க வேண்டும் என்பதில் அவற்றுக்குப் பங்கு உண்டு. வயது ஏறும்போது சில இடங்களில் இந்தக் குறிகள் கூடுகின்றன, சில இடங்களில் குறைகின்றன. 2013-ல் லாஸ் ஏஞ்சலிஸைச் சேர்ந்த ஸ்டீவ் ஹார்வத், டி.என்.ஏ.வில் 353 இடங்களை மட்டும் பார்த்து ஒருவரின் வயதைக் கணித்துவிடலாம் என்று காட்டினார். இப்படிக் கணிக்கும் முறைகளைத்தான் மெத்தில் கடிகாரங்கள் என்கிறார்கள். கணித்த வயது உண்மை வயதைவிட அதிகமாக வந்தால், உடம்பு வேகமாக முதுமையடைகிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

முதலில் வந்த கடிகாரங்கள் பிறந்த தேதியைச் சரியாகக் கணிக்கும்படிதான் பழக்கப்படுத்தப்பட்டன. ஆனால் பிறந்த தேதி நமக்கு ஏற்கெனவே தெரியும்! அதனால் 2018, 2019-ல் வந்த ஃபீனோஏஜ், கிரிம்ஏஜ் என்ற கடிகாரங்களை நோய், மரண அபாயம் ஆகியவற்றோடு பொருத்தி உருவாக்கினார்கள். நியூசிலாந்தின் டுனெடின் நகரில் 1972-73-ல் பிறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பிறந்ததிலிருந்து தொடர்ந்து கவனித்து வரும் ஆய்விலிருந்து டுனெடின்பேஸ் என்ற அளவை வந்தது. அது ஒருவர் இப்போது எந்த வேகத்தில் முதுமையடைகிறார் என்று சொல்ல முயல்கிறது.

இந்தக் கடிகாரங்கள் அதிகம் உதவுவது, யாரும் எதிர்பார்க்காத ஓரிடத்தில்: குழந்தைப் பருவத்தில் புற்றுநோய் வந்து குணமானவர்களிடம். அமெரிக்காவின் மெம்ஃபிஸில் உள்ள செயின்ட் ஜூட் மருத்துவமனை, அங்கே சிகிச்சை பெற்றுப் பிழைத்த குழந்தைகளை அவர்கள் பெரியவர்களான பிறகும் விடாமல் கவனித்து வருகிறது. மெத்தில் கடிகாரத்தின்படி அவர்களுடைய உடம்பு சக வயதினரைவிட முதிர்ந்திருந்தது. மார்பில் கதிர்வீச்சு பெற்றவர்களிடம் இது கூடுதலாகத் தெரிந்தது. கிர்ஸ்டன் நெஸ் தலைமையில் அங்கே 2013-ல் வெளியான இன்னொரு ஆய்வு, ரத்தம் எதுவும் எடுக்காமல் உடல் தளர்ச்சியை மட்டும் அளந்தது. சராசரி வயது 33-ஐ ஒட்டியிருந்தவர்கள் அவர்கள். பெண்களில் 13.1 சதவீதமும் ஆண்களில் 2.7 சதவீதமும் தளர்ச்சி நிலையில் இருந்தார்கள். 65 வயதைத் தாண்டியவர்களிடம் எதிர்பார்க்கும் நிலை அது. லுகேமியாவிலிருந்து மீண்ட பிள்ளை "நல்லாத்தான இருக்கான்" என்று தொடர் பரிசோதனையை நிறுத்திவிடும் வீடுகள் நம்மிடம் நிறைய. அவர்களுக்காகவே இதை அழுத்திச் சொல்கிறேன். முப்பது வயதிலும் இதயம், எலும்பு, தசை வலு ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ரத்தத்தில் இன்னும் சில குறிப்பான்கள் உண்டு. சி.ஆர்.பி., இன்டர்லூகின்-6 போன்ற அழற்சி அளவுகள் வயதோடு ஏறுகின்றன. ஆனால் புற்றுநோயே அவற்றை ஏற்றிவிடும், ஒரு காய்ச்சலும் ஏற்றிவிடும். எனவே தனியாக வைத்து எதுவும் சொல்ல முடியாது. எலும்பு மஜ்ஜையில் ஒரே ஒரு மூல செல்லின் வாரிசுகள் மட்டும் மரபணு மாற்றத்தோடு பெருகி நிற்கும் நிலை இன்னொன்று. 70 வயதைத் தாண்டியவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவரிடம் இது தென்படுகிறது. ரத்தப் புற்றுநோய் அபாயத்தையும் இதய நோய் அபாயத்தையும் இது கூட்டுகிறது. கீமோவும் கதிர்வீச்சும் இத்தகைய செல்களில் சிலவற்றுக்குச் சாதகமாகிவிடுவதால், ஒரு புற்றுநோய்க்கான சிகிச்சைக்குப் பிறகு சிலருக்கு ரத்தத்தில் இரண்டாவது புற்றுநோய் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

"உங்கள் உயிரியல் வயதைக் கண்டுபிடித்துத் தருகிறோம்" என்று ஆன்லைனில் விற்கும் சோதனைகளைப் பற்றியும் கேட்கிறார்கள். என் கருத்து நேரடியானது. புற்றுநோய் சிகிச்சை முடிவுக்காக அதில் பணம் போட வேண்டாம். பி16-ஆனாலும் மெத்தில் கடிகாரமானாலும் இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கின்றன. அந்த எண்ணைப் பார்த்து மருந்தின் அளவை மாற்று என்று சொல்லும் நடைமுறை விதி எதுவும் இன்று இல்லை.

நான்கு மீட்டர் நடை

இன்றைக்கே கையில் இருப்பவை பார்க்க மிகச் சாதாரணமாக இருக்கும். தரையில் நான்கு மீட்டர் தூரத்தை டேப் ஒட்டிக் குறித்து வைத்திருப்பார்கள். "வழக்கமா எப்படி நடப்பீங்களோ அப்படியே நடங்க" என்பார்கள். கைத்தடி வைத்திருப்பவர் அதோடு நடக்கலாம். ஸ்டாப்வாட்ச்சில் நேரம் பார்ப்பார்கள். ஐந்து நொடியில் கடந்தால் வேகம் நொடிக்கு 0.8 மீட்டர். அதைவிட மெதுவாகப் போனால் கவனிக்க வேண்டும். இதயம், நுரையீரல், நரம்பு, மூட்டு, தசை, கண், மனம் என எல்லாம் சேர்ந்து ஒத்துழைத்தால்தான் நடை ஒழுங்காக வரும். எதில் கையிருப்பு குறைந்தாலும் நடையில் தெரிந்துவிடுகிறது. பாஸ்டனில் ரத்தப் புற்றுநோய் உள்ள 75 வயதைக் கடந்த 448 பேரிடம் செய்த ஆய்வு 2019-ல் வெளிவந்தது. நடை வேகம் நொடிக்கு 0.1 மீட்டர் குறையக் குறைய, மரண அபாயமும் திடீரென மருத்துவமனையில் சேரும் அபாயமும் கூடின. ஒரு ஸ்டாப்வாட்ச்சும் நான்கு மீட்டர் தரையும் போதும், எந்த ஊர் மருத்துவமனையிலும் இதைச் செய்துவிடலாம் என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது.

கைப்பிடி வலுவை அளக்கும் கருவியும், நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காரச் சொல்லும் சோதனையும் இதே வகை. தசை அளவைப் பார்க்கத் தனி ஸ்கேன்கூடத் தேவையில்லை. நோயின் பரவலைப் பார்க்க எடுத்த சி.டி. ஸ்கேனிலேயே, இடுப்பு முதுகெலும்பின் மூன்றாவது எலும்பு மட்டத்தில் தசையின் பரப்பை அளந்துவிடலாம். எடை சரியாக இருக்கிறவர்களிடமும், பருமனானவர்களிடமும்கூட, உள்ளே தசை கரைந்திருப்பது அப்போது வெளியே வரும். அப்படிக் கரைந்தவர்களுக்குக் கீமோவின் பக்க விளைவுகள் அதிகம்.

அப்புறம் கேள்விகள். அமெரிக்காவின் முதியோர் புற்றுநோய் மருத்துவர் ஆர்த்தி ஹுரியா, 65 வயதைத் தாண்டிய 500 நோயாளிகளை வைத்து 2011-ல் ஒரு மதிப்பெண் முறையை உருவாக்கினார். வயது, புற்றுநோயின் வகை, கீமோ மருந்துகளின் எண்ணிக்கை, அவற்றின் அளவு, ஹீமோகுளோபின், சிறுநீரகச் செயல்பாடு ஆகியவை அதில் உண்டு. கூடவே சில கேள்விகள். காது நன்றாகக் கேட்கிறதா? கடந்த ஆறு மாதத்தில் கீழே விழுந்தீர்களா? மாத்திரையை நீங்களே எடுத்துப் போட்டுக்கொள்கிறீர்களா, யாராவது எடுத்துத் தர வேண்டுமா? ஒரு தெரு தூரம் நடக்க முடிகிறதா? உடம்பு முடியாமல் வெளியே போய்ப் பழகுவதைக் குறைத்துக்கொண்டீர்களா?

எல்லாவற்றையும் கூட்டினால் ஒரு எண் வரும். குறைந்த மதிப்பெண் பெற்றவர்களில் 30 சதவீதம் பேருக்குக் கடுமையான பக்க விளைவு வந்தது. அதிக மதிப்பெண் பெற்றவர்களில் 83 சதவீதம் பேருக்கு வந்தது. மருத்துவர்கள் வழக்கமாக நோயாளியைப் பார்த்தவுடன் மனக்கணக்காகப் போடும் பொது மதிப்பீட்டால் இந்த வேறுபாட்டைப் பிடிக்க முடியவில்லை. காது கேட்பதற்கும் கீமோவுக்கும் என்ன தொடர்பு என்று தோன்றலாம். "காய்ச்சல் 100.4-ஐத் தாண்டினால் அன்றைக்கே வந்துவிடுங்கள்" என்று சொல்வதைச் சரியாகக் கேட்காதவர் மூன்று நாள் கழித்து வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இப்படி மதிப்பிடுவது சிகிச்சையை நிறுத்துவதற்காக அல்ல. முதல் சுற்றைக் குறைந்த அளவில் தொடங்கி, தாங்கினால் கூட்டலாம். இரண்டு மருந்துக்குப் பதில் ஒன்று கொடுக்கலாம். தேவையில்லாமல் சாப்பிட்டுவரும் மாத்திரைகளைக் குறைக்கலாம். அறுவை சிகிச்சைக்கு முன் சில வாரம் பிசியோதெரபியும் புரதச் சத்துள்ள உணவும் கொடுத்து உடம்பைத் தேற்றலாம். இப்படிச் செய்தால் பலன் உண்டா என்று சுப்ரியா மொஹிலே தலைமையில் அமெரிக்காவில் 70 வயதைத் தாண்டிய, முற்றிய புற்றுநோய் உள்ள 718 பேரிடம் சோதித்தார்கள். மதிப்பீட்டு விவரமும் பரிந்துரைகளும் மருத்துவர் கைக்குக் கிடைத்த குழுவில் கடுமையான பக்க விளைவு 51 சதவீதம், கிடைக்காத குழுவில் 71 சதவீதம். உயிரோடு இருந்த காலத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 2021-ல் வெளியான இந்த முடிவுதான் மூப்பை அளப்பதற்கான மிக வலுவான வாதம் என்று நினைக்கிறேன். மருந்தின் அளவைக் குறைத்தால் நோய் ஜெயித்துவிடும் என்ற பயம் இந்த நோயாளிகள் விஷயத்தில் மெய்யாகவில்லை.

இந்தியாவில் மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் முதியோர் புற்றுநோய்க்கென்றே தனி கிளினிக் நடக்கிறது. அப்படி ஒன்று பக்கத்தில் இல்லாதவர்கள் சிகிச்சை தொடங்கும் முன் ஒரு பொது மருத்துவரிடமோ முதியோர் மருத்துவரிடமோ ஒருமுறை காட்டிவிட்டுப் போகலாம்.

குடும்பத்தினர் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. மருத்துவர் முன்னால் உட்கார்ந்ததும் அப்பா "நல்லாத்தான் இருக்கேன்" என்பார். போன மாதம் மாடிப்படியில் விழுந்தது மருமகளுக்குத்தான் தெரியும். அதை அங்கேயே சொல்ல வேண்டும். ஆறு மாதத்தில் எத்தனை கிலோ குறைந்தார், சட்டை தொளதொளவென்று ஆனதா, கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ போவதை எப்போது நிறுத்தினார் என்பதையும் சொல்லுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு சித்த மருந்து, கஷாயம், தூக்க மாத்திரை எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள். அப்படியே "நடை வேகத்தை அளந்து பார்க்க முடியுமா டாக்டர்?" என்று கேளுங்கள். இரண்டு மூன்று சுற்று முடிந்ததும் மறுபடி அளக்கச் சொல்லுங்கள். முதல் நாள் எடுத்த அளவு நான்காவது சுற்றுக்குள் மாறியிருக்கலாம்.